மண்டூருக்கு அப்பால் ஒரு குளக்கரை இரவு: கூடாரம் அடிக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி

குருமண்வெளித் துறையில் படகுப் பாதைக்காகக் காத்து நின்றோம். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் எனது மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த நீளமான பையைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன மனே, வலையா?"

"இல்ல ஐயா, கூடாரம்."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். குளத்தடியில ஒரு ராத் தங்கப் போறம்."

அவர் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வீடு வாசல் இருக்கிற ஆக்களும் கூடாரத்துல படுக்கிற காலம் வந்திற்று" என்றார். கேலியாகச் சொன்னாரா, கவலையாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் பாதை கரையைத் தொட்டுவிட்டது.

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம் ஒன்று, படும் பக்கம் மற்றது. வாவியின் தென்பகுதியில், படுவான்கரையில் இருக்கிறது மண்டூர். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்றியும் போகலாம். கல்முனைப் பக்கமிருந்து கிட்டங்கி, நாவிதன்வெளி வழியாகவும் வரலாம். ஆனாலும் குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி, காற்று முகத்தில் அடிக்க அக்கரை சேர்வதுதான் எங்களுக்கு மண்டூருக்குப் போவது.

மண்டூர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 'சின்னக் கதிர்காமம்' என்று அழைக்கப்படும் முருகன் கோயில். ஊருக்குப் பின்னால், வெல்லாவெளி தாண்டி உள்ளே போனால் இன்னொரு உலகம். வயல், அதற்கப்பால் குளம், அதற்கும் அப்பால் காடு. தும்பங்கேணிக் குளம், நவகிரிக் குளம் என்று போரதீவுப்பற்றின் வேளாண்மையைத் தாங்கும் குளங்கள் அங்கேதான். விடுமுறை நாட்களில் மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் இளைஞர்கள் கூடாரத்தோடு இப்படியான குளங்களைத் தேடி வருகிறார்கள். கடந்த ஓகஸ்டில் நானும் இரண்டு நண்பர்களும் அப்படித்தான் போனோம்.

அந்த ஓர் இரவில் நாங்கள் செய்த பிழையும் அதிலிருந்து விளங்கிக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

கூடாரம் என்ற சொல்

முதலில் பெரியம்மாவின் கதையைச் சொல்லவேண்டும். அவர் மண்டூர்க்காரி. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தபோது அவரும் வந்தார். நீலத் தறப்பாளில் அடித்த கூடாரம் ஒன்றில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நாங்கள் குளத்துக்குப் போகிறோம் என்றதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நான் கூடாரத்துல இருந்தது காணும். நீ போய்ப் படு."

போர்க்காலத்தில் இரவில் நீர்க்கரையில் வெளிச்சம் காட்டுவதே உயிராபத்து. அந்தக் காலத்தில் வளர்ந்த எனக்கு, பயமில்லாமல் ஒரு குளக்கரையில் படுத்து வானத்தைப் பார்ப்பது சின்ன விஷயமல்ல. எங்கள் இளைஞர்கள் கூடாரத்தோடு கிளம்புவதை வெறும் கூத்தாக என்னால் பார்க்க முடியாமலிருப்பது அதனால்தான். இழந்த இரவுகளைத் திரும்ப வாங்குவது போன்றது அது.

ஆனால் வெளியில் தங்குவது படுவான்கரைக்குப் புதிதில்லை. வேளாண்மைக் காவலுக்கு வாடி அடித்துத் தங்குவார்கள். யானை வரும் பக்கங்களில் மரத்தில் பரண் கட்டுவார்கள். மாடு வளர்ப்பவர்கள் மேய்ச்சல் தரையில் பட்டியடித்து மாதக்கணக்கில் இருப்பார்கள். கதிர்காமத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்கள் மண்டூரில் தங்கி, திருக்கோவில், உகந்தை தாண்டி, குமண, யால காடுகளுக்குள் மரத்தடியில் படுத்தெழும்பிப் போகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. குளக்கரை வெறும் இடமில்லை.

குளத்துக்கு ஒரு காலக்கணக்கு உண்டு

எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். குளம் நிரம்பி வான் பாயும். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். குளத்தில் சேர்ந்த தண்ணீரை நம்பி ஏப்ரலில் சிறுபோகம் விதைப்பார்கள். மடையைத் திறந்து வாய்க்கால் வழியே முறைவைத்து நீர் கொடுக்கும்போது குளம் மெல்ல மெல்ல வற்றும். சிறுபோகம் அறுவடைக்கு வரும் ஜூலை, ஓகஸ்டில் நீர் நன்றாக உள்வாங்கியிருக்கும்.

குளத்தின் ஒரு பக்கம் கட்டு. எதிர்ப்பக்கம் கட்டில்லாமல் காட்டை நோக்கிச் சாய்வாக ஏறிப்போகும் அலைகரை. நீர் உள்வாங்கும்போது அலைகரையில் ஈரமண் வெளிப்பட்டுப் பசும்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடு காய்ந்துகிடக்கும் மாதங்களில் பச்சையாக இருப்பது அந்தப் புல்தரை மட்டும்தான். கூடாரம் அடிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது: சமதரை, பக்கத்தில் தண்ணீர், திறந்த வானம்.

யானைக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பொலன்னறுவை மாவட்டத்து மின்னேரியாவில் ஜூலை முதல் ஒக்டோபர் வரை நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது உலகப் புகழ்பெற்ற காட்சி. அதன் காரணமும் இதுவேதான். குளம் வற்ற வற்றப் புல் முளைக்கிறது, புல்லைத் தேடி யானை வருகிறது. அண்மைய ஆண்டுகளில் அங்கே வரட்சிக் காலத்திலும் நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்பட்டபோது, புல்தரை மூழ்கி யானைகளுக்கு உணவில்லாமல் போகிறது என்று சூழலியலாளர்கள் எச்சரித்தார்கள். எங்களுக்குத் தெற்கே, இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப்போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அதைச் சூழ்ந்த காடு 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பூங்காவுக்கு எல்லை உண்டு. யானைக்கு அந்த எல்லை தெரியாது. 2011இல் நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. அவை நடமாடும் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். வெல்லாவெளிப் பக்கத்து வயல்கள் இந்த 70 சதவீதத்துக்குள் வருபவை.

அந்த இரவு

பொழுது படும் நேரத்தில் அலைகரையில் கூடாரத்தை அடித்தோம். கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டினோம். சோறும் மீன்குழம்பும் ஆக்கிச் சாப்பிட்டோம். ஒரு நண்பன் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டான். எங்களைத் தவிர ஒரு மனிதரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒன்பதரை மணியிருக்கும். குளக்கட்டுப் பக்கமிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் அசைந்து அசைந்து வந்தது. வந்தவர் அந்தக் கண்டத்து வட்டை விதானை. எங்கள் பக்கத்தில் வட்டை என்றால் வயல்வெளி. எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர், எந்த வேலி உடைந்திருக்கிறது, எந்த மாடு இறங்கியது என்று பார்ப்பவர் வட்டை விதானை. விவசாயிகளே தெரிவுசெய்யும் ஆள்.

அவர் கோபப்படவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு டோர்ச்சைத் தரையில் அடித்தார். கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி, காய்ந்த சேற்றில் வட்டவட்டமாகப் பழைய தடங்கள். பகலில் நாங்கள் அவற்றை மாடு மிதித்த பள்ளம் என்று நினைத்திருந்தோம்.

"தம்பிமார், இது ஆனை தண்ணிக்கு இறங்குற வழி. இதுல நீங்க படுத்தா உங்களுக்கு ஆபத்து. அத விடுங்க. நெருப்பையும் சத்தத்தையும் கண்டா அது திரும்பிக் காட்டுக்குப் போகாது. தாகத்தோட வந்தது. பக்கத்தால போகும். பக்கத்தில இருக்கிறது எங்கட வேளாண்மை. அறுவடைக்கு இன்னும் பத்து நாள்."

நாங்கள் பேசாமல் கூடாரத்தைக் கழற்றினோம். அவரே கட்டின் மறுபக்கம், காவல்வாடிக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். அங்கே நான்கைந்து பேர் முறைவைத்து விழித்திருந்தார்கள். ஒரு போத்தலில் தேத்தண்ணீர், ஒரு பெட்டி யானை வெடி, இரண்டு டோர்ச். எங்களுக்குப் பொழுதுபோக்கான இரவு, அவர்களுக்கு வேலை நேரம்.

பின்னிரவில் தென்பக்கமிருந்து கூக்குரல் கேட்டது. வெடிச்சத்தம் இரண்டு. பிறகு மரம் முறியும் ஓசை. எல்லாரும் எழும்பி ஓடினார்கள். எங்களை வாடியை விட்டு அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விடிந்ததும் பார்த்தோம். ஒருவருடைய வயலின் ஓர் ஓரம், முற்றிய கதிரோடு மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. எங்கள் அடுப்புக் கற்களில் ஒன்று மண்ணுக்குள் அமுங்கியிருந்தது. அதன்மேல் புதிய தடம்.

யானை எங்களால்தான் வயல் பக்கம் திரும்பியது என்று யாரும் சொல்லவில்லை. எங்களால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வயற்காரர் எங்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னும். நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் அதைவிடப் பல மடங்கு யானைகளும் இந்த மோதலில் இறக்கிறார்கள். இந்தக் கணக்கில் எங்கள் ஒலிபெருக்கிக்கும் ஓர் இடம் இருக்கக்கூடும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

அமைதியான தண்ணீரும் ஆபத்தும்

குளத்தில் காணாமல்போனவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. காரணம் குளத்தின் அமைப்பு. குளம் என்பது ஓர் ஆற்றையோ ஓடையையோ மறித்துக் கட்டியது. மூழ்கிப்போன அந்தப் பழைய ஓடை இன்னும் அடியில் இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நடந்துபோகிறவர் அடுத்த அடியில் தலைக்குமேல் ஆழத்துக்குள் போகலாம். கட்டுக்கு மண் வெட்டிய குழிகளும் அப்படித்தான். மடை திறந்திருந்தால் அதன் வாயருகே நீர் உள்ளிழுக்கும். வெளியில் பார்த்தால் ஒரு சுழியும் தெரியாது. தாமரையும் ஆம்பலும் உள்ள இடத்தில் காலில் கொடி சுற்றினால், நீச்சல் தெரிந்தவரும் பதறிப்போவார்.

முதலையும் உண்டு. இலங்கையில் இரண்டு இனம்: உவர்நீரிலும் வாழும் பெரிய முதலை வாவியிலும் ஆற்று முகங்களிலும் காணப்படும், மற்றது நன்னீர்க் குளங்களுக்குரியது. மண்டூரில் இரண்டு நீருமே பக்கத்தில். ஆகவே ஊரார் குளிக்கும் துறையில், பகலில், கரையோரமாகக் குளியுங்கள். பொழுதுபட்ட பிறகு தண்ணீரில் இறங்கவேண்டாம். மீன் கழுவிய இடத்தில் குளிக்கவேண்டாம். மது அருந்தியவர் தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம். விதானை சொன்னபடி, "குளத்துல போன பொடியன்மார்ல பாதிப் பேருக்கு எமன் போத்தல்தான்."

இடியையும் மறக்கக்கூடாது. மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமுழக்கத்தோடு மழை வரும். அலைகரையில் தனித்து நிற்கும் மரமும் திறந்தவெளியில் நிற்கும் கூடாரமும் அப்போது கெட்ட இடங்கள். வானம் கறுத்தால் வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடவேண்டும். இரவில் வரம்பில் நடப்பவர் டோர்ச் இல்லாமல் நடக்கக்கூடாது. எலி தேடி விரியன் வரும் இடம் அது. காலில் புண் உள்ளவர் வயற்சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. போய்வந்து சில நாட்களில் கடும் காய்ச்சல் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது?

'பொதுக்குளம்தானே, யாரிடம் கேட்கவேண்டும்?' என்று நாங்களும்தான் நினைத்தோம். உண்மையில் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. பெரிய, நடுத்தரக் குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. 80 ஹெக்டேயர், அதாவது சுமார் 200 ஏக்கர் வரை பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அலைகரைக்கு அப்பால் ஒதுக்கக் காடாக இருந்தால் வனத் திணைக்களம். பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் வனசீவராசிகள் திணைக்களம். தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க அந்தத் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில் முன்பதிவு செய்துதான் தங்கலாம்.

கடதாசி அனுமதி ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது ஊருக்குள் போய்ச் சொல்வது. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கமக்காரர் அமைப்பிடமோ வட்டை விதானையிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: யானை எந்த வழியால் இறங்குகிறது? இப்போது வயல் எந்த நிலையில் இருக்கிறது? மடை திறந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை எந்தக் கைத்தொலைபேசி வரைபடத்திலும் இல்லை. அவர் "இந்த மாதம் வேண்டாம்" என்றால், பையைக் கட்டிக்கொண்டு திரும்புவதுதான் முறை. ஓகஸ்ட் வேண்டாமென்றால் மார்ச்சில் வரலாம். அறுவடை முடிந்திருக்கும், குளத்தில் தண்ணீரும் இருக்கும்.

விட்டுவிட்டு வருவது என்ன?

காலையில் கரையைச் சுற்றி நடந்தபோது, எங்களுக்கு முன் வந்தவர்களின் தடயங்களும் கண்ணில் பட்டன. லஞ்ச் ஷீற், பியர் போத்தல் துண்டு, பாதி எரிந்த பொலித்தீன் பை. போத்தல் துண்டு மாட்டின் குளம்பிலும் விவசாயியின் வெறுங்காலிலும் ஏறும். உணவு மணக்கும் பொலித்தீனை யானையும் மாடும் விழுங்கும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்தவெளிக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. அது எங்கோ தொலைவில் உள்ள இடமில்லை, அடுத்த மாவட்டம்.

குளத்து நீரை யார் குடிக்கிறார்கள் என்றும் யோசிக்கவேண்டும். மட்டக்களப்பு நகரத்தவர் கூட்டமாகக் குளிக்கப் போகும் உன்னிச்சைக் குளத்திலிருந்துதான் நீர் எடுத்துச் சுத்திகரித்து அந்த நகரத்துக்கே குழாய்நீராக வருகிறது. சவர்க்காரம் போட்டுக் குளித்து, கரையிலேயே மலசலம் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்து குழாயைத் திறப்பவர் இதை நினைத்துப் பார்க்கலாம். மலசலத்துக்கு நீரிலிருந்து நன்றாகத் தள்ளிப்போய்க் குழி தோண்டி மூடுங்கள். கொண்டுபோன எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவாருங்கள். எரிக்கவேண்டாம், புதைக்கவும் வேண்டாம். புதைத்ததை நாயும் பன்றியும் கிளறிவிடும்.

இதில் கதிர்காம யாத்திரிகர்களிடம் நாம் படிக்க நிறைய இருக்கிறது. ஒரு துணிமூட்டையோடு வாரக்கணக்கில் நடக்கிறார்கள். தங்கும் ஊரில் கேட்டுத் தங்குகிறார்கள். ஒருவரையொருவர் 'சாமி' என்றழைக்கிறார்கள். காட்டுக்குள் இருக்கும்போது சத்தத்தைக் குறைத்து, கூட்டமாக, பகலில் நடக்கிறார்கள். பக்தி இல்லாதவரும் இந்த ஒழுங்கைக் கடன் வாங்கலாம்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது?

நாங்கள் அன்று செலவழித்த காசெல்லாம் நகரத்துக் கடைகளில்தான் போனது. கூடார வாடகை, எரிபொருள், கறிச்சாமான், தண்ணீர்ப் போத்தல். எங்களுக்காகத் தூக்கம் கெட்டு ஓடியவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. வெளியூரார் வருவதை ஊர் தொல்லையாகப் பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

வேறு விதமாகவும் இதைச் செய்யலாம். தங்குவதற்குப் பாதுகாப்பான இரண்டு மூன்று இடங்களை ஊரே குறித்துக் கொடுக்கலாம். கமக்காரர் அமைப்பு ஒரு சிறு கட்டணம் வாங்கி அதை யானைவேலி பராமரிப்புக்குப் போடலாம். சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் ஆக்கிக் கொடுக்கலாம். இரவில் ஒருவர் காவலுக்கு இருக்கலாம். பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. பெரிய முதலீடு வந்தால் குளக்கரை கைமாறிப்போகும் பயமும் உண்டு, கிழக்கின் கடற்கரைகளில் அதை நாம் பார்த்திருக்கிறோம். முடிவெடுப்பது அந்தக் கண்டத்து விவசாயிகளாக இருந்தால், எந்த மாதம் திறப்பது, எந்த மாதம் மூடுவது என்று அவர்களுக்கே தெரியும்.

அன்று திரும்புமுன் வயற்காரரிடம் போனோம். கையில் இருந்த காசைக் கொடுக்கப் பார்த்தோம். வாங்கவில்லை. "அறுவடைக்கு ஆள் காணாது. ஏலுமெண்டா வாங்க" என்றார். மெசின் இறங்க முடியாதபடி ஈரமாக இருந்த ஓரத்தைக் கையால் அறுக்கவேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து மூவரும் போனோம். அரிவாள் பிடித்துப் பழக்கமில்லாத எங்களால் பெரிய உதவி ஒன்றும் இல்லை. மத்தியானம் வரப்பில் இருந்து எல்லாரோடும் சாப்பிட்டோம். அன்றிரவு காவல்வாடிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம், இந்த முறை கேட்டுவிட்டு. ஒலிபெருக்கியைக் கொண்டுபோகவில்லை. நடுச்சாமத்தில் அலைகரைப் பக்கம் தண்ணீர் அளையும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வாடியிலிருந்தவர்கள் வெடியை எடுக்கவில்லை. "குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார் விதானை.

மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கூடாரம் எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டார். நான்கு பேருக்கு என்றேன்.

"மழை ஒழுகுமா?"

"ஒழுகாது பெரியம்மா."

"அப்ப மார்ச்சில போகக்குள்ள எனக்கும் சொல்லு" என்றார்.